திடல் யாருடையது?

ஓர் ஊரின் ஏற்றத்துக்கும் வீழ்ச்சிக்கும் காரணம் தேடுவோர், பெரும்பாலும் அவ்வூர் மக்களின் உழைப்பையும் சோம்பலையுமே முதலில் எடைபோடுகின்றனர். உழைத்தார்கள், உயர்ந்தார்கள், அயர்ந்தார்கள், தாழ்ந்தார்கள் என்று கணக்கை எளிதில் முடித்துவிடுகின்றனர். ஆனால், உழைப்பில் குறையேதும் இல்லாதிருந்தும் தாழ்ந்துபோன ஊர்கள் உண்டு. நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ள லுக்குட் அவற்றுள் ஒன்று.

1846ஆம் ஆண்டில், சிலாங்கூர் சுல்தானின் மருமகனான ராஜா ஜுமாத் லுக்குட்டின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டே அங்குள்ள குன்றின்மேல் ஒரு கோட்டை எழுந்தது. ஈயச் சுரங்கங்கள் பெருகின. சீனத் தொழிலாளர் திரண்டனர். வரி வருவாய் குவிந்தது. 1857இல் கிள்ளான் ஆற்றின் மேற்பகுதியில் ஈயம் தேடுவதற்கு 87 சீனச் சுரங்கத் தொழிலாளரைக் கிள்ளான் ராஜா அப்துல்லா அனுப்பியபோது, அவருக்குத் துணைநின்றவர் உடன்பிறந்தாரான ராஜா ஜுமாத். அம்முயற்சியின் விளைவே இன்றைய கோலாலம்பூர். அந்நகரைப் பிற்காலத்தில் கட்டிக்காத்த காப்பித்தான் யாப் ஆ லோயும் தம் இளமையில் லுக்குட்டில் வேலை பார்த்தவரே. இத்தனை பெருமைக்கும் உரிய ஊர், 1864இல் ராஜா ஜுமாத் மறைந்து, ஈயமும் அருகிய பிறகு தன் ஒளியை இழந்தது. 1880இல் அது சிலாங்கூரின் கையிலிருந்து சுங்கை ஊஜோங்கின் கைக்கு மாறியது. சுரங்கத்தில் இறங்கியவன் உழைக்க மறந்ததால் அந்த வீழ்ச்சி நேரவில்லை. அவனைத் தாங்கிய மண்ணும், அம்மண்ணைப் பற்றிய முடிவும் அவன் கையில் இல்லை, அவ்வளவே.

இந்தப் பழைய உண்மையை அண்மைக்காலத்தில் ஒரு விளையாட்டுக் குழுவின் வரலாறு மீண்டும் மெய்ப்பித்திருக்கிறது. அக்குழு நியூயார்க் நகரில் தோன்றியது, பெயர் நிக்ஸ் கேமிங், ஆடியது கூடைப்பந்து. ஆனால் அவர்கள் பந்தைத் தொட்டதில்லை. கணினித் திரையில், கைக்கருவியின் பொத்தான்களை அழுத்தி ஆடும் மின்விளையாட்டுக் கூடைப்பந்து அது. எங்கோ அமெரிக்காவில் தோன்றி மறைந்த ஒரு குழுவின் கதை லுக்குட் வட்டாரத் தோட்டத்து மக்களுக்கு எதற்கு என்று கேட்கத் தோன்றும். தங்கள் பிள்ளைகள் எந்தத் திடலில் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அறிந்த பெற்றோர் அவ்வாறு கேட்கமாட்டார்கள்.

தோட்டத்துத் தமிழருக்கு விளையாட்டு புதிதன்று. ஈயம் ஓய்ந்த மண்ணில் ரப்பர் வேர்விட்டபோது, அதனோடு லயங்களும், லயங்களோடு ஆலயமும், பள்ளியும், திடலும் தோன்றின. விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, பால்மரக் காட்டில் முற்பகல் வரை உழைத்துத் திரும்பிய இளைஞர்கள், மாலையில் அத்திடலில் காற்பந்து உதைத்தனர். காலணி வாங்க வழியில்லாதவர் வெறுங்காலோடு ஆடினர். அண்டைத் தோட்டக் குழுவோடு மோதும் நாளில் திடலைச் சுற்றிலும் ஊரே கூடியிருக்கும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சுழற்கிண்ணப் போட்டிகள் நடந்தன. தமிழ் இளைஞர் மணிமன்றங்கள் தோன்றிய பிறகு, விளையாட்டும் நாடகமும் நூலகமும் ஒரே கூரையின்கீழ் வளர்ந்தன. வாரம் முழுவதும் மண்டோரின் குரலுக்குப் பணிந்து நடந்த இளைஞன், ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு மணி நேரமாவது ஊரார் பெயர் சொல்லிப் பாராட்டும் மனிதனாக நிமிர்ந்து நின்றான். அந்த நிமிர்வைத் தந்தது அத்திடல்.

ஆனால் அத்திடல் அவனுடையதன்று. வீடும் தோட்டத்துடையது, கிணறும் தோட்டத்துடையது, பந்து உருண்ட புல்லும் தோட்டத்துடையது. 1950களிலும் 1960களிலும் ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களை விற்று வெளியேறத் தொடங்கியபோது, பெருந்தோட்டங்கள் சிறுசிறு துண்டுகளாக்கப்பட்டுக் கைமாறின. தோட்டத் துண்டாடல் என்ற சொல் அந்நாளில் ஒவ்வொரு லயத்து வாசலிலும் அச்சத்தோடு உச்சரிக்கப்பட்டது. அதற்கடுத்த பதின்ம ஆண்டுகளில் ரப்பர் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. பின்னர் நகரம் நெருங்கி வந்த இடங்களில் தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாயின. ஒவ்வொரு மாற்றத்திலும் வேலையும் வீடும் போயின. அவற்றோடு திடலும் போயிற்று. திடல் போனபின் குழு எங்கே நிற்கும்? ஆட்டத்தில் தோற்றுக் கலைந்த தோட்டக் குழுக்களைக் காட்டிலும், ஆட இடமின்றிக் கலைந்த குழுக்களே மிகுதி.

திடலை இழந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று அடுக்குமாடி வீடுகளிலும் தாமான்களிலும் வாழ்கின்றனர். அவர்களுக்கென ஒரு புதிய திடல் திறந்திருக்கிறது. அதற்குப் புல் வேண்டா, மழை தடையன்று, பதினொருவர் கூடவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கைப்பேசியும் இணையமும் இருந்தால் போதும். நள்ளிரவு கடந்தும் அறையில் ஒளிரும் திரையைப் பார்த்துத் தாய் கடிந்துகொள்கிறாள். "விளையாட்டில்லை அம்மா, இதுவும் ஒரு தொழில்" என்று மகன் மறுமொழி சொல்கிறான். அவன் சொல்வதை முற்றிலும் பொய் என்று தள்ளுவதற்கில்லை. மலேசிய அரசாங்கம் 2019ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் மின்விளையாட்டு வளர்ச்சிக்கென 1 கோடி ரிங்கிட் ஒதுக்கியது. அதே 2019இல் பிலிப்பைன்ஸில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுக்குப் பதக்கம் வழங்கப்பட்டது. 2024இல் சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் நடந்த அனைத்துலகப் போட்டியொன்றில் சிலாங்கூர் ரெட் ஜயன்ட்ஸ் என்னும் மலேசியக் குழு வாகை சூடியது. ஆகவே தாயின் அச்சமும் மகனின் நம்பிக்கையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கத் தக்கவை. நிக்ஸ் கேமிங்கின் கதை அவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

கூடைப்பந்து பிறந்த வரலாற்றை முதலில் நினைவுகூர்தல் நலம். 1891ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர், குளிர்காலத்தில் கூடத்துக்குள் ஆடுவதற்கென ஓர் ஆட்டத்தை வகுத்தார். பீச் பழக் கூடைகள் இரண்டைச் சுவரின் உயரத்தில் அறைந்து, 13 விதிகளை எழுதி ஒட்டினார். அவ்வளவுதான். அந்த ஆட்டத்தை யாரும் யாரிடமும் விலைக்கு வாங்க வேண்டியிருக்கவில்லை. ஒரு கம்பமும் ஒரு வளையமும் ஒரு பந்தும் உள்ள எந்த ஊரும் அதைத் தன் ஆட்டமாக்கிக் கொண்டது. இந்நாட்டின் சீனப் பள்ளி வளாகங்களிலும் சிற்றூர்த் திடல்களிலும் அது வேரூன்றியதும் அவ்வாறே. நெய்ஸ்மித்தின் வாரிசுகள் ஒருநாள் வந்து, "ஆட்டத்தை நிறுத்துங்கள்" என்று சொல்ல முடியாது.

கணினியில் ஆடப்படும் கூடைப்பந்தின் நிலை வேறு. என்.பி.ஏ. 2கே எனப்படும் அவ்விளையாட்டு டேக்-டூ என்ற நிறுவனத்துக்குச் சொந்தமானது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகமான என்.பி.ஏ. அந்நிறுவனத்தோடு கைகோத்து, அவ்விளையாட்டுக்கென ஒரு தொழில்முறை லீக் அமைக்கப்போவதாக 2017 பிப்ரவரியில் அறிவித்தது. என்.பி.ஏ. குழுக்களை நடத்திவந்த 17 நிறுவனங்கள் ஆளுக்கொரு மின்விளையாட்டுக் குழுவை ஏற்படுத்த முன்வந்தன. நியூயார்க்கின் புகழ்பெற்ற நிக்ஸ் குழுவின் சார்பில் எழுந்ததே நிக்ஸ் கேமிங்.

இடம் தேடி 72,000 பேர் முதற்கட்டத் தேர்வில் இறங்கினர். வடிகட்டி வடிகட்டி இறுதியில், 2018 ஏப்ரல் 4ஆம் நாள், நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் 102 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். குழுவுக்கு ஆறு பேர் வீதம் 17 குழுக்கள். முதற்சுற்றில் தேர்ந்தவருக்கு ஆறு மாதத்துக்கு 35,000 அமெரிக்க டாலர். மற்றவருக்கு 32,000 டாலர். தங்குமிடமும் மருத்துவக் காப்புறுதியும் தனி. பரிசுத்தொகை அனைத்தும் சேர்ந்து 10 இலட்சம் டாலர். நேற்றுவரை வீட்டின் மூலையறையில் அமர்ந்து, "உருப்படாத பிள்ளை" என்று பெயர் வாங்கியவர்கள், அன்று மேடையேறிக் குழுவின் தொப்பி அணிந்து, செய்தியாளர்களின் ஒளிப்படக் கருவிகளின் முன் நின்றனர். அந்த மாற்றத்தை எள்ளி நகையாட எவருக்கும் மனம் வராது.

ஆட்ட முறையும் அறியத் தக்கது. ஐவர் ஐந்து இருக்கைகளில் வரிசையாக அமர்வர். ஒவ்வொருவரும் திரையிலுள்ள ஓர் ஆட்டக்காரனை மட்டுமே இயக்குவர். அந்த ஆட்டக்காரன் புகழ்பெற்ற உண்மை வீரன் அல்லன். ஆற்றல்கள் அளந்து அமைக்கப்பட்ட கற்பனை உருவம். ஒருவன் பந்தை நடத்திச் செல்வான். ஒருவன் தொலைவிலிருந்து எறிவான். ஒருவன் வளையத்தடியில் காவல் நிற்பான். காதொலிக் கருவியின் வழியே ஐவரும் இடைவிடாது பேசிக்கொள்வர். தனித்திறனால் மட்டும் வெல்ல இயலாத ஆட்டம் அது. அந்த வகையில் மெய்யான கூடைப்பந்தின் உயிர் அதில் இருந்தது என்றே சொல்லவேண்டும்.

நிக்ஸ் கேமிங்கின் முதற்பருவம் புகழத் தக்கதாகத் தொடங்கவில்லை. வென்ற ஆட்டங்களைவிடத் தோற்ற ஆட்டங்களே மிகுதி. பட்டியலின் கீழ்ப்பகுதியில் கிடந்த அக்குழுவை எவரும் பொருட்படுத்தவில்லை. ஆயினும் பருவத்தின் முடிவில், பின்தங்கியோருக்கும் கதவு திறக்கும் வகையில் ஒரு போட்டி இருந்தது. அதற்கு 'டிக்கெட்' என்று பெயர். அதில் வெல்பவருக்கு இறுதிக்கட்டத்தின் கடைசி இடம் உண்டு. நிக்ஸ் கேமிங் அதில் வென்றது. கடைசி ஆளாக உள்ளே நுழைந்த அக்குழு, இறுதிக்கட்டத்தின் முதல் மோதலிலேயே பட்டியலில் முதலிடம் பெற்றிருந்த பிளேசர்5 கேமிங் குழுவை வீழ்த்தியது. 2018 ஆகஸ்ட் 25ஆம் நாள் நடந்த இறுதியாட்டத்தில், மயாமியைச் சேர்ந்த ஹீட் செக் கேமிங்கை இரண்டுக்குச் சுழியம் என்ற கணக்கில் வென்று, அந்த லீக்கின் முதல் வாகையர் என்ற பெயரைப் பெற்றது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அன்று ஆனைகள் சறுக்கின, எறும்பு மலையேறியது.

இத்தகைய வெற்றியைப் பெற்ற ஒரு குழு பல்லாண்டு நிலைக்கும் என்றே எவரும் எண்ணுவர். நிலைக்கவில்லை. அதற்கான காரணங்கள் எண்ணிப் பார்க்கத் தக்கவை.

முதற்காரணம், ஆட்டமே ஆண்டுதோறும் மாறியது. என்.பி.ஏ. 2கே விளையாட்டின் புதிய பதிப்பு ஒவ்வோர் ஆண்டும் வெளிவரும். புதிய பதிப்பில் பந்தை எறியும் கணம் மாறும். தடுக்கும் முறை மாறும். நேற்றுவரை பலித்த உத்தி இன்று பலிக்காது. சந்தைக்குப் புதுச் சரக்கு வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆட்டக்காரனின் பயிற்சி அக்கணக்கில் சேராது. பழைய பதிப்புகளை இயக்கும் கணினி நிலையங்களும் சில ஆண்டுகளில் மூடப்படுகின்றன. மெய்யான கூடைப்பந்தில் வளையத்தின் உயரம் பத்து அடி. நெய்ஸ்மித் கூடையை அறைந்த நாள்தொட்டு இன்றுவரை அது மாறவில்லை. இருபதாண்டுப் பயிற்சி இருபதாண்டும் பயன் தரும். திரையில் ஆடுபவனுக்கோ, ஓர் இரவில் வளையத்தையே நகர்த்திவைக்கும் கை ஒன்று மறைவில் இருக்கிறது.

இரண்டாவது காரணம், குழுவின் அமைப்பு. முந்திய பருவத்து ஆட்டக்காரர்களுள் ஒரு சிலரை மட்டுமே குழுக்கள் தக்கவைத்துக்கொள்ள லீக்கின் விதி இடங்கொடுத்தது. ஏனையோர் மீண்டும் பொதுத் தேர்வுக்குத் திரும்பவேண்டும். ஐவரின் பேச்சும் மூச்சும் ஒன்றுபட்டதால் பெற்ற வெற்றி, அந்த ஐவர் பிரிந்தபின் எங்ஙனம் தொடரும்? 2019இல் லீக் 21 குழுக்களாக விரிந்தது. அவ்வாண்டு வாகை, அப்போதுதான் புதிதாகச் சேர்ந்த டி-வுல்வ்ஸ் கேமிங்குக்குச் சென்றது. 2020இலும் 2021இலும் விசர்ட்ஸ் டிஸ்ட்ரிக்ட் கேமிங் தொடர்ந்து வென்றது. முதல் வாகையரின் பெயர் மூன்றே ஆண்டுகளில் பழங்கதையாயிற்று.

எனினும் அக்காலத்தில் லீக் தளரவில்லை, வளர்ந்துகொண்டுதான் இருந்தது. 2020இல் ஷாங்காய் நகரின் பெயர் தாங்கிய ஜென்.ஜி டைகர்ஸ் குழு சேர்ந்ததால், வட அமெரிக்காவுக்கு வெளியேயும் அதன் எல்லை நீண்டது. அவ்வாண்டு கொரோனாப் பெருந்தொற்றினால் உலகெங்கும் திடல்கள் வெறிச்சோடிக் கிடந்தபோது, இந்த லீக்கின் ஆட்டக்காரர்கள் தத்தம் இடங்களிலிருந்தே ஆடினர். மெய்யான ஆட்டங்களைக் காட்ட வழியற்றுத் தவித்த அமெரிக்கத் தொலைக்காட்சி, அவர்களின் ஆட்டத்தை ஒளிபரப்பியது. எதிர்காலம் இதுவே என்று பலரும் எழுதினர். புல்திடலின் காலம் முடிந்ததென்று தீர்ப்புச் சொன்னோரும் உண்டு.

தீர்ப்பு மாறிற்று. பெருந்தொற்று ஓய்ந்து திடல்கள் திறந்ததும், மக்களின் கண்கள் பழைய ஆட்டங்களுக்கே திரும்பின. விளம்பரதாரர்களின் பணம் சுருங்கியது. 2022ஐ அடுத்து மின்விளையாட்டுத் தொழில் முழுவதுமே தளர்ச்சி கண்டது. 2018இல் பெரும் ஆரவாரத்தோடு தொடங்கப்பட்ட ஓவர்வாட்ச் லீக்கில், முதற்பருவத்து இடம் ஒன்றுக்கு 2 கோடி டாலர் கேட்கப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின. அந்த லீக்கே 2023இல் முடிவுக்கு வந்தது. என்.பி.ஏ. 2கே லீக்குக்கு 2024ஆம் ஆண்டுப் பருவம் இறுதிப் பருவமாயிற்று. ஏழே ஆண்டுகள். 102 பேர் தொப்பியணிந்து மேடையேறிய லீக் அதற்குள் கடையைக் கட்டியது. அவர்களுள் எவரும் ஆடத் தெரியாமல் ஓய்ந்தவர் அல்லர். ஆடத் தெரிந்தவர்களின் காலடியிலிருந்து ஆட்டம் உருவப்பட்டது.

துண்டாடப்பட்ட தோட்டத்தின் திடலும், மூடப்பட்ட லீக்கின் திரையும் ஒன்றா என்று வினவலாம். துன்பத்தின் அளவில் ஒன்றல்ல. வீட்டையும் சோற்றையும் ஒருங்கே இழந்த தோட்டத் தொழிலாளியின் துயரத்தோடு, நியூயார்க் இளைஞனின் ஏமாற்றத்தை ஒப்பிடுவது முறையாகாது. ஆனால் இழப்பின் அமைப்பு ஒன்றே. இருவரும் பிறருடைய மண்ணில் தம் பெருமையைக் கட்டினர். மண்ணுக்குரியவர் கணக்குப் பார்த்தபோது, அக்கணக்கில் அப்பெருமைக்கு இடமில்லை.

இதற்கு மாறான ஒரு வரலாற்றை லுக்குட் மக்கள் தங்கள் மாநிலத்திலேயே காணலாம். நெகிரி செம்பிலான் காற்பந்துக் குழு 1948இல் மலாயாக் கிண்ணத்தை வென்றது. அதன்பின் அக்கிண்ணத்துக்காக அது காத்திருந்த காலம் 61 ஆண்டுகள். 2009இல் கிளந்தானை மூன்றுக்கு ஒன்று என வென்று மலேசியக் கிண்ணத்தை மீண்டும் கைப்பற்றியது. 2011இல் திரங்கானுவை வென்று மறுமுறையும் ஏந்தியது. 2010இல் பயிற்றுநர் கே. ராஜகோபாலின் தலைமையில் தென்கிழக்காசியக் காற்பந்துக் கிண்ணத்தை வென்ற தேசியக் குழுவில் ஆடிய எஸ். குணாளன், அந்நாளில் இம்மாநிலக் குழுவின் ஆட்டக்காரர். பின்னர் அக்குழுவும் சரிந்தது, இரண்டாம் நிலை லீக்குக்கு இறங்கியது, ஏறியது, மீண்டும் இறங்கியது. ஆயினும் 2021இல் கே. தேவனின் பயிற்சியில் இரண்டாம் நிலை லீக்கை வென்று மேலெழுந்து, 2022இல் முதல் நிலை லீக்கில் நான்காம் இடத்தைப் பிடித்தது. விழுந்த குழு எப்படி எழுந்தது? பாரோயிலுள்ள துவாங்கு அப்துல் ரஹ்மான் அரங்கம் அங்கேயே இருந்தது. காற்பந்தின் விதிகள் அப்படியே இருந்தன. தோற்றவன் திரும்பிவந்து நிற்பதற்கு ஓர் இடம் இருந்தது. 61 ஆண்டு காத்திருக்க முடிந்ததே அதனால்தான்.

இந்நாட்டுக் கூடைப்பந்தும் அதற்குச் சான்றாகும். 2009இல் ஆறு குழுக்களோடு தொடங்கிய ஆசியான் கூடைப்பந்து லீக்கில் கோலாலம்பூர் டிராகன்ஸ் குழுவும் ஒன்று. பின்னாளில் வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுக நிறுவனத்தின் பெயரையும் தாங்கி ஆடிய அக்குழு, 2016இல் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் குழுவை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வென்று லீக்கின் வாகையைச் சூடியது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் லீக் இடையிலேயே நின்றது. அக்குழுவுக்கும் அது பேரிடி. ஆயினும் லீக் நின்றதால் கூடைப்பந்து நின்றுவிடவில்லை. பள்ளித் திடல்களில் வளையங்கள் இருந்தன. மாலையில் பிள்ளைகள் பந்தோடு வந்தனர். புரவலர் விலகினாலும் ஆட்டம் எஞ்சும் விளையாட்டு ஒன்று. உரிமையாளர் பொத்தானை அழுத்தினால் ஆட்டமே மறையும் விளையாட்டு மற்றொன்று. இரண்டிலும் உழைப்பு உண்டு, திறமை உண்டு, கண்ணீரும் உண்டு. ஆனால் எஞ்சுவது வேறு.

அதனால் இளைஞர்கள் மின்விளையாட்டை விட்டொழிக்க வேண்டும் என்பது பொருளன்று. அவ்வாறு சொல்வது எளிது, கேட்பார் இலர். பால்மரக் காட்டிலிருந்து திரும்பிய பாட்டனுக்கு ஞாயிற்றுக்கிழமைத் திடல் தந்த நிமிர்வை, தொழிற்சாலை இரவு வேலையிலிருந்து திரும்பும் பேரனுக்கு அந்தத் திரை தருகிறது. தன் பெயரைச் சிலராவது அறிந்து பாராட்டவேண்டும் என்ற ஏக்கம் குற்றமாகாது. அந்த ஏக்கத்தை இகழ்வோர், அவனுக்கு வேறு எந்தத் திடலைத் திறந்துவைத்தார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். தாமான்களில் வீடுகள் நிறைந்தன. பிள்ளைகள் ஆட எத்தனை இடங்களைப் பெரியவர்கள் போராடிப் பெற்றுத் தந்தனர்?

ஆகவே அவனிடம் சொல்லத் தக்கது ஒன்றுண்டு. ஆடு, ஆனால் ஆடும் திடல் யாருடையது என்பதை அறிந்து ஆடு. ஆட்டக்காரனின் காலம் குறுகியது. அந்த விளையாட்டின் காலமோ அதனினும் குறுகியது. திரைக்கு முன்னால் மட்டும் அமராமல், திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதையும் கற்றுக்கொள். கணினியைப் பழுதுபார்க்கவும், நிரல் எழுதவும், போட்டியை நடத்தவும், ஆட்டத்தை நல்ல தமிழில் வருணிக்கவும் பழகியவனுக்கு, ஒரு லீக் மூடினால் மற்றொரு கதவு திறக்கும். பொத்தானை அழுத்த மட்டுமே பழகியவனுக்கு அந்தப் பொத்தானோடு எல்லாம் முடியும். பள்ளிக் கல்வியைப் பாதியில் விட்டு இதில் இறங்குவோர், 72,000 பேரில் 102 பேரே தேறினர் என்பதையும், அந்த 102 பேருக்கும் கிடைத்தது ஆறு மாதச் சம்பளம் என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும்.

பெரியோருக்கும் ஒரு பாடம் உண்டு. அதைக் கற்றுத் தந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்களே. துண்டாடலின் கொடுமை உச்சத்தில் இருந்தபோது, 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் பத்து வெள்ளி கொடுத்து நூறு வெள்ளிப் பங்கை வாங்குமாறு தொழிலாளரை அழைத்தார். நாள் சம்பளக்காரருக்குப் பத்து வெள்ளி சிறுதொகை அன்று. ஆயினும் கொடுத்தனர். கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் முதன்முதலாக வாங்கியது. பிறர் மண்ணில் உழைத்தவர்கள், பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, தாங்கள் நின்ற மண்ணைத் தங்களுடையதாக்க முனைந்தனர். எல்லாத் தோட்டங்களையும் அவ்வாறு மீட்டுவிட இயலவில்லை. எல்லாத் திடல்களும் தப்பவில்லை. ஆனால் கேட்கவேண்டிய கேள்வியை அவர்கள் சரியாகக் கேட்டனர்.

எழுத்தறிவு குறைந்த காலத்தில் அம்மக்கள் கேட்ட கேள்வி அது. பட்டமும் கணினியும் கைப்பேசியும் உடைய இன்றைய தலைமுறை அதைக் கேட்கத் தயங்குவானேன்? ஒரு தாமானில் கூடைப்பந்து வளையம் ஒன்றை நிறுவ நூறு குடும்பங்கள் சேர்ந்து நகராட்சிக் கதவைத் தட்டினால் போதும். ஆலய நிருவாகமும் இளைஞர் மன்றமும் கைகொடுத்தால், மாலை நேரத்தில் நாலு கணினிகளோடு நிரல் எழுதக் கற்பிக்கும் அறை ஒன்றைத் திறக்கலாம். இவை பெரிய கிண்ணங்களைக் கொண்டுவந்து சேர்க்காமல் போகலாம். ஆனால் யாரும் ஓர் இரவில் வந்து மூடிவிட்டுப் போகவும் முடியாது. கிண்ணம் வெல்லும் குழுவுக்கு ஓராண்டுப் புகழ். சொந்தத் திடலை உடைய ஊருக்கோ, தோற்ற குழுவும் மறுநாள் மாலை ஆட வரும்.